ஆறாம் மாடியின் டைமர்

லா சப்பலில் ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை.
தலைக்கு மேலே துத்தநாகத் தகடு,
அதற்கு மேலே ஜூலை.
ஒன்பது சதுர மீற்றரில் ஒரு கட்டில்.
அதற்கு இரண்டு பேர்:
பின்னேரம் நாலு மணி தொடக்கம் யூட்,
இரவு இரண்டு மணி தொடக்கம் நான்.
தலையணை மட்டும் ஆளுக்கொன்று.

பன்னிரண்டுக்கு அவன் பாண் பேக்கரிக்குப் போவான்.
ஒன்றே முக்காலுக்கு நான் குசினி வேலை முடிந்து ஏறி வருவேன்,
கையில் வெங்காய மணம்,
நாலாம் மாடியிலிருந்து முழங்காலில் நோ.
முகம் பார்ப்பது மாதத்தில் ஒருதரம்,
வாடகை நாளில், படியில்.
மற்றபடி மெத்தையில் விழுந்திருந்த பள்ளத்தால்தான்
அவனை எனக்குத் தெரியும்.

முந்தின கோடையில் பார்பெஸ் பக்கம்
பழைய சாமான் விற்கிறவனிடம் ஏசி வாங்கினோம்,
சில்லு வைத்த வெள்ளைப் பெட்டி.
நூற்றியிருபது யூரோ, ஆளுக்கு அறுபது.
குழாயை ஜன்னலில் திணித்து
சுற்றிவரப் பழைய துவாயால் அடைத்தோம்.
அன்று மட்டும்
இரண்டு பேரும் ஒன்றாய் அதன் முன்னால் நின்று
சேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பிறகு கரண்ட் பில் வந்தது.
யூட் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு
குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தான்:
ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குக் குளிர்?
கட்டிலுக்கும் கதிரைக்குமா வேர்க்குது?
இருபத்தாறுக்குக் கீழே இறக்காதே.
படுத்து இரண்டு மணித்தியாலத்தில் நிற்கட்டும்,
விடியப்புறம் வெளிக்காற்றே காணும்.

எனக்கும் சரியாய்ப் பட்டது.
இரண்டு என்று அழுத்திவிட்டுப் படுப்பேன்.
அது நிற்கிற நேரம் நான் முழித்திருந்ததேயில்லை.

இதில் விசேசம் என்னவென்றால்
கதவைத் திறக்கும்போதே அறை குளிர்ந்து கிடக்கும்.
ஒரு மணிக்கு மிசின் தானாய் எழும்பிவிடும்.
அப்படித்தான் இதைச் செய்திருக்கிறார்கள்,
ஒருக்கால் சொல்லி வைத்தால்
பிறகு அதற்கு ஞாபகம் இருக்கும்
என்று நினைத்துக்கொண்டேன்.
சில்லு வைத்த பெட்டிக்கு யார் நன்றி சொல்லுவார்?

ஓகஸ்ட் தொடக்கத்தில் யூட்டின் மனிசிக்கு விசா கிடைத்தது.
முலூஸில் வீடு பார்த்துவிட்டான்.
வழமைபோலப் பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட்டான்,
பாணுக்கில்லை, பஸ்ஸுக்கு.
அன்றிரவு அறை குளிர்.
மறுநாள் போறணை.

பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், பிளக்கைக் கழற்றிக் கொழுவினேன்.
கட்டிலுக்கு அடியில் கைநூல் கிடந்தது,
அதன்மேல் அவன் விட்டுப்போன ஒற்றைக் காலுறை.
பதினேழாம் பக்கத்தைப் பிரெஞ்சில் சொல் சொல்லாய் வாசித்தேன்:
ஓர் அழுத்து, ஒரு மணித்தியாலம்.
ஒருமுறை இயங்கியதும் கட்டளை அழிந்துவிடும்.
மறுநாளுக்கு மீண்டும் அழுத்தவும்.

மறுநாளுக்கு மீண்டும்.
நித்திரைத் தூக்கத்தில்,
சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு,
லைற் போடாமல்,
கதவைச் சாத்துமுன் ஒருக்கா.
கடைசி நாளும், கையில் இரண்டு சூட்கேஸோடு, ஒருக்கா.
பில்லில் பாதி ஒழுங்காய்க் கட்டினேன்.
அந்த விரலை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று
பின்பக்கத்தில் அவன் எழுதவில்லை.

போனை எடுத்தேன். மணி இரண்டேகால்.
அவன் இப்போது பகலில் வேலை செய்கிறவன்,
மனிசியோடு நித்திரையாய் இருப்பான்.
வைத்துவிட்டேன்.

வியாழனன்று புது ஆள் வந்தான், கஜரூபன்.
ரான்ஜிஸ் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்குகிறவன்,
பின்னேரம் மூன்றுக்குத்தான் அறைக்கு வருவான்.
நான் பத்துக்கு வெளிக்கிடுவேன்.
நாலு தரம் அழுத்துகிறேன்.
இரண்டு மணிக்கு அது எழும்பும்.
பகல் கரண்ட், மலிவில்லைத்தான்,
ஆனால் தகடு கொதிக்கிற நேரம்.
இருபத்தாறுக்குக் கீழே இறக்குவதில்லை.

நேற்றுப் படியில் மறித்தான்.
"அண்ணை, மிசின் நல்ல கெட்டிக்கார மிசின்.
ஒண்டும் மறக்குதில்லை."

ஓம் என்றேன்.
இன்னும் மூன்று மாடி ஏற இருந்தது.